டிரைவர் கோப்பை எங்கே வைப்பது? குன்னூரில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

குன்னூரில் சனிக்கிழமை பிற்பகல்களில் எட்டுப் பத்துப் பேர் கூடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள், தோட்டத்தில் வானிலைக் கருவி பார்த்துக்கொள்கிற ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேர். ராஸ்ப்பெர்ரி பை என்கிற சின்னக் கணினிப் பலகையில் சென்சார் மாட்டுவதில் ஆரம்பிக்கும் பேச்சு, மூன்றாவது மாதம் எப்படியாவது இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலுக்குள் போய்விடும். அங்கே எல்லாரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள்: ஒரு சிப்போடு கெர்னல் பேச உதவும் டிரைவர் நிரலை எந்தக் கோப்புறையில் வைப்பது, ஏன் அங்கே. வாய்வழியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். கோப்புறைப் பெயர்களை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"டிரைவர்ஸ் ஃபோல்டரைத் திறந்தா தலை சுத்துதுங்கண்ணா. எங்கிருந்து பார்க்கிறது?"

கெர்னல் மூலநிரலில் பாதிக்கும் மேல் அந்த ஒரு கோப்புறைக்குள்தான் கிடக்கிறது. அதை முழுக்கப் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மேல்மட்டப் பெயர்களை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 'நெட்' நெட்வொர்க் அட்டைகளுக்கு, 'இன்புட்' விசைப்பலகை, தொடுதிரை வகையறாவுக்கு, 'ஆர்டிசி' கடிகாரச் சிப்புகளுக்கு, 'ஐஐஓ' நாம் மாட்டுகிற பெரும்பாலான சென்சார்களுக்கு. 'யுஎஸ்பி', 'பிசிஐ', 'ஐ2சி', 'எஸ்பிஐ' எல்லாம் பஸ்கள், அதாவது சிப் பேசுகிற கம்பி வழிகள். 'பேஸ்' என்பது எல்லா டிரைவருக்கும் பொதுவான அடித்தளம். ஒலி அட்டையை இதற்குள் தேட வேண்டாம். 'சவுண்ட்' என்று வெளியே தனிக் குடித்தனம்.

"கம்பெனி வாரியா பிரிச்சிருந்தா ஈஸியா இருந்திருக்குமே?"

சில இடங்களில் அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். ஈதர்நெட் டிரைவர்கள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்து, 2011இல் கம்பெனி வாரியாக அடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 2012இல், கேமரா, டிவி டிரைவர்கள் இருக்கும் 'மீடியா' கோப்புறையையும் ஒழுங்குபடுத்தினார்கள். அங்கே பிசிஐ, யுஎஸ்பி, ஐ2சி என்று பஸ் வாரியாகப் பிரித்தார்கள். 'ஐஐஓ'வுக்குள் போனால் எதை அளக்கிறது என்பதுதான் கணக்கு: அழுத்தம், ஈரப்பதம், வெளிச்சம், முடுக்கம். மூன்று வீட்டில் மூன்று வழக்கம். அந்தந்த வீட்டைப் பராமரிக்கிறவருக்கு எது தோதோ அதுதான்.

முழுக் கெர்னலையும் கம்பெனி வாரியாகப் பிரித்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிப் போதும். நம் கருவிகளில் மின்சாரம் போனாலும் நேரம் காக்கிற டிஎஸ்3231. பெயரில் இருக்கும் 'டிஎஸ்' டல்லாஸ் செமிகண்டக்டர். அந்தக் கம்பெனியை 2001இல் மேக்சிம் வாங்கியது. மேக்சிமை 2021இல் அனலாக் டிவைசஸ் வாங்கியது. டல்லாஸ் காலத்துச் சிப்புகளின் கோப்புகள் இதற்குள் இரண்டு முறை வீடு மாறியிருக்க வேண்டும். சிப்பில் ஒரு கம்பி மாறவில்லை.

"அப்போ என் சென்சார் எந்த ஃபோல்டருக்குப் போகும்னு எப்படி முடிவு பண்றது?"

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சிப் எந்தக் கம்பியில் வருகிறது என்பதைப் பார்க்காதீர்கள். அதைப் பயன்படுத்துகிற நிரல் அதனிடம் என்ன கேட்கும் என்று பாருங்கள். மணி கேட்குமா? 'ஆர்டிசி'. காற்றழுத்தம் கேட்குமா? 'ஐஐஓ'. விசை அழுத்தப்பட்டதா என்று கேட்குமா? 'இன்புட்'. ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும் டிரைவர்கள் ஒரே வீட்டில் இருந்தால், அந்தக் கேள்வியை நன்றாக அறிந்த ஒருவர் எல்லாவற்றையும் சரிபார்க்க முடியும். கோப்புறை என்பது உண்மையில் பராமரிப்பவரின் எல்லைக்கோடு.

உதகை மார்க்கெட்டில் கேரட் கேத்தியிலிருந்து வந்ததா, எந்த லாரியில் ஏறி வந்தது என்று பார்த்தா கடை போடுகிறார்கள்? கேரட் கேரட்டோடு, முள்ளங்கி முள்ளங்கியோடு. ஐ2சி கோப்புறைக்குள் உங்கள் அழுத்தச் சென்சாரைத் தேடுவது லாரி ஸ்டாண்டில் கேரட் தேடுகிற மாதிரி. அங்கே லாரி ஓட்டுகிற டிரைவர்தான் இருப்பார்.

விதிவிலக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. மண்ணில் புதைக்கிற டிஎஸ்18பி20 வெப்பமானியின் டிரைவர் அதன் பஸ்ஸான ஒன்-வயரின் கோப்புறைக்குள்தான், 'டபிள்யூ1'இல், 'டபிள்யூ1_தெர்ம்' என்ற பெயரில் இருக்கிறது. பழைய வழக்கம். இன்றைக்குப் புதிதாக எழுதுகிறவர் அதை முன்மாதிரியாகக் காட்டினால் எடுபடாது.

"டிஎஸ்3231னு தேடினா ஃபைலே இல்லையே. டிரைவர் இல்லையா?"

இருக்கிறது. 'ஆர்டிசி-டிஎஸ்1307' என்ற கோப்புக்குள் பாருங்கள். ஒரே குடும்பத்துச் சிப்புகள் சின்னச் சின்ன வித்தியாசத்தோடு வரும். முதலில் வந்த சிப்பின் பெயரில் கோப்பு இருக்கும், பிறகு வந்தவை அதற்குள் ஒரு வரியாகச் சேரும். ஈரப்பதச் சென்சார் டிஎச்டி22க்கும் தனிக் கோப்பு கிடையாது, 'டிஎச்டி11'தான். கோப்புப் பெயரில் தேடாமல் கோப்புகளுக்குள் தேடுங்கள். மூலநிரலின் மேல்மட்டத்தில் நின்று 'கிட் கிரெப்' என்ற தேடல் கட்டளையைப் போட்டால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும்.

பெயரில் எக்ஸ் எழுத்தைப் போட்டு 'இந்த வரிசை முழுக்க' என்று காட்டலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். நாளைக்கு அதே கம்பெனி அந்த எக்ஸுக்குள் அடங்குகிற எண்ணில் சம்பந்தமே இல்லாத ஒரு சிப்பை விற்கும். பராமரிப்பவர்கள் பலமுறை அடிபட்டுவிட்டார்கள். ஆதரிக்கிற சிப்புகளில் ஒன்றின் முழுப்பெயரை வையுங்கள்.

"ஒரே சிப்புக்கு ஏன் நாலு ஃபைல்?"

பிஎம்பி280 அழுத்தச் சென்சாரைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி வரும். 'ஐஐஓ'வுக்குள் 'பிரஷர்' கோப்புறையில் அதற்கு கோர், ஐ2சி, எஸ்பிஐ, ரெக்மேப் என்று நான்கு கோப்புகள். இந்தச் சிப்பை ஐ2சி வழியாகவும் இணைக்கலாம், எஸ்பிஐ வழியாகவும் இணைக்கலாம். அழுத்தத்தைக் கணக்கிடும் சூத்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான், அது கோரில். பைட்டுகளைக் கொண்டுபோய் வாங்கி வருகிற வேலை மட்டும் மாறும், அது தனித்தனியாக. ரெக்மேப் கோப்பில் எந்தப் பதிவகத்தை (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) எழுதலாம், எதைப் படிக்க மட்டும் செய்யலாம் என்ற அட்டவணை.

நம் ஊர் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும்போது கல்லாறு தாண்டியதும் பல்சக்கர ஏற்றம், நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டி உதகைக்கு அனுப்புகிறார்கள். பெட்டியும் பயணிகளும் அதேதான். பாதைக்கு ஏற்ற எஞ்சின் மாறுவதற்காகப் பெட்டியை யாரும் புதிதாகச் செய்வதில்லை.

ஆனால் உங்கள் சிப்புக்கு ஐ2சி மட்டும்தான் உண்டு என்றால் ஒரே கோப்பாக எழுதுங்கள். பிற்காலத்தில் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே பிரித்து அனுப்பினால், எதற்கு என்றுதான் முதல் கேள்வி வரும். அந்த டிரைவர் மட்டும் பயன்படுத்துகிற ஹெடர் கோப்பையும் பக்கத்திலேயே வையுங்கள். பொதுவான 'இன்க்ளூட்' கோப்புறைக்குள் கொண்டுபோய்ச் செருக வேண்டாம்.

"ஃபைலைச் சரியான இடத்துல வெச்சுட்டேன். கம்பைல் ஆகவே மாட்டேங்குது."

கெர்னலுக்கு உங்கள் கோப்பு அங்கே இருப்பது தெரியாது. அதே கோப்புறையில் இருக்கிற இரண்டு கோப்புகளில் சொல்ல வேண்டும். 'கேகான்ஃபிக்' கோப்பில் டிரைவருக்கு ஒரு விருப்பத் தேர்வு, நான்கு வரி விளக்கத்தோடு. 'மேக்ஃபைல்' கோப்பில் அந்தத் தேர்வு இருந்தால் இந்தக் கோப்பைக் கம்பைல் செய் என்று ஒரே வரி. பிறகு தேர்வைக் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கலாம், வேண்டும்போது ஏற்றிக்கொள்கிற மாட்யூலாக வைக்கலாம், விட்டும்விடலாம்.

இரண்டிலும் அகர வரிசையில் நுழையுங்கள். கடைசி வரியாக ஒட்டிவிட்டு வருவது எல்லாருக்கும் வருகிற சோம்பல். இரண்டு பேர் ஒரே வாரத்தில் கடைசியில் ஒட்டினால் இரண்டு பேட்சும் (அனுப்புகிற திருத்தத் தொகுப்பு) முட்டிக்கொள்ளும். அகர வரிசைக்கு அதுவும் ஒரு காரணம்.

"மாட்யூல் லோடு ஆகுது, ஆனா சென்சார் வரலை."

யுஎஸ்பி கருவி செருகினால் அதுவே தன் கம்பெனி எண், பொருள் எண் சொல்லிவிடும். பிசிஐயும் அப்படித்தான். ஐ2சி சிப் வாய் திறக்காது. கம்பியின் மறுமுனையில் இன்ன முகவரியில் இன்ன சிப் இருக்கிறது என்று வேறு யாராவது கெர்னலிடம் சொல்ல வேண்டும். ராஸ்ப்பெர்ரி பை போன்ற பலகைகளில் அதைச் சொல்வது டிவைஸ் ட்ரீ, அதாவது பலகையில் என்னென்ன எங்கே இருக்கிறது என்ற விவரக் கோப்பு.

சிப்பின் முகவரி, குறுக்கீட்டுக் கம்பி எந்தப் பின்னில் என்பதையெல்லாம் டிரைவர் நிரலுக்குள் எழுதாதீர்கள். டிரைவருக்குச் சிப்பைப் பற்றித் தெரிந்தால் போதும், பலகையைப் பற்றித் தெரிய வேண்டாம். முன்பு ஏஆர்எம் வகைச் செயலி உள்ள பலகைகளுக்கு ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சி மொழிக் கோப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள்; அது பெருகி, 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்தார். அதற்குப் பிறகுதான் பலகை விவரம் டிவைஸ் ட்ரீக்கு வேகமாக இடம் மாறியது. அந்தக் கோப்புகளும் குவிந்துபோய், 32 பிட் ஏஆர்எம்முக்கானவற்றை 2023இல் கம்பெனி வாரியாகப் பிரித்தார்கள். பலகை என்பது கம்பெனியின் பொருள்தானே, அங்கே அந்தப் பிரிவு பொருந்துகிறது.

டிவைஸ் ட்ரீயில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற விவரணை 'டாக்குமென்டேஷன்' கோப்புறையில் யாமல் என்ற உரை வடிவில் போக வேண்டும். புதிய சிப் என்றால் அதையும் தனிப் பேட்சாக, டிரைவர் பேட்சுக்கு முன்னால் அனுப்புங்கள்.

"பிரஷர் 77னு காட்டுது. டிரைவர் தப்பா?"

உதகையில் சோதித்தீர்களா? அப்படியானால் டிரைவர் சரி. 'ஐஐஓ' அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் தருகிறது. கடல்மட்டத்தில் 101 சொச்சம் வரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் 77 அளவில்தான் இருக்கும், குன்னூரில் 81ஐ ஒட்டி. மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் தன் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நம் சிப்பைக் கழற்றிப் போடச் சொன்னார்.

அலகை நீங்கள் மாற்றக் கூடாது என்பதுதான் இதில் பாடம். மில்லிபாரில் கொடுத்தால் வசதி என்று டிரைவருக்குள் பெருக்கல் போட்டு அனுப்பிய மாணவி ஒருவர் இருக்கிறார். ஒரு வீட்டில் குடியேறினால் அந்த வீட்டு அலகு. அப்போதுதான் சென்சாரை மாற்றினாலும் மேலே ஓடுகிற நிரல் மாறாமல் இருக்கும். முன்னே சொன்ன 'என்ன கேட்கும்' என்ற விதியின் மறுபக்கம் இது.

"எஸ்எச்டி3எக்ஸ் 'எச்டபிள்யூமான்'ல இருக்கு, எஸ்ஐ7020 'ஐஐஓ'ல இருக்கு. ரெண்டுமே ஈரப்பதம்தானே? யாரு பண்ணது சரி?"

நல்ல கேள்வி, அதற்கு அழகான பதில் கிடையாது. 'எச்டபிள்யூமான்' என்பது இயந்திரம் தன் உடம்பைத் தானே கவனிப்பதற்கு: மின்விசிறி வேகம், செயலி வெப்பம், மின்னழுத்தம், எல்லை மீறினால் எச்சரிக்கை. 'ஐஐஓ' வெளியுலகை அளப்பதற்கு. அதோடு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் அளவெடுக்கிற சிப்புகளும் அங்கேதான். ஈரப்பதச் சென்சாரை சர்வர் அலமாரிக்குள்ளும் மாட்டுவார்கள், தேயிலைச் செடிக்கடியிலும் மாட்டுவார்கள். எழுதியவர் எந்த உபயோகத்தை மனதில் வைத்தாரோ அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது.

உள்ளே போனதை இப்போது மாற்றவும் முடியாது. 'எச்டபிள்யூமான்' வழியாகப் படிக்கிற நிரல்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். எதிர்த்திசைக்கு ஒரு பாலம் இருக்கிறது: 'ஐஐஓ'வில் உள்ள அளவை 'எச்டபிள்யூமான்' பக்கம் காட்டுகிற 'ஐஐஓ_எச்டபிள்யூமான்' என்ற டிரைவர். தோட்டத்துக்கான புதிய சென்சார் என்றால் நான் யோசிக்காமல் 'ஐஐஓ'வுக்கு அனுப்புவேன்.

"ஒரே சிப்பு நாலு வேலை பார்த்தா?"

எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள். டிஎஸ்3231க்குள் ஒரு சின்ன வெப்பமானி உண்டு. அதற்காகக் கோப்பைப் பிரிக்கவில்லை. கடிகார டிரைவரே வெப்பநிலையை 'எச்டபிள்யூமான்' பக்கமும் பதிந்துவிடுகிறது.

ஏஎக்ஸ்பி209 மாதிரி மின் மேலாண்மைச் சிப் என்றால் கதை வேறு. மின்னழுத்தச் சீராக்கி, பேட்டரி, பவர் பொத்தான், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி எல்லாம் ஒரே கருப்புச் சதுரத்துக்குள். இதன் நடுப்பகுதி, பல வேலை பார்க்கிற சிப்புகளுக்கான 'எம்எஃப்டி' கோப்புறையில் இருக்கிறது. அது சிப்பைக் கண்டுபிடித்து, பதிவகங்களைத் திறந்துவைத்து, பிள்ளைச் சாதனங்களை உருவாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சீராக்கி 'ரெகுலேட்டர்' வீட்டில், பேட்டரி 'பவர்' வீட்டில், பொத்தான் 'இன்புட்'டில், ஏடிசி 'ஐஐஓ'வில். பாகப்பிரிவினை ஆன குடும்பம் மாதிரி, கிணறு மட்டும் பொது. எழுதுவதற்கு எரிச்சலாக இருக்கும், ஐந்து பராமரிப்பவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் பொத்தானைப் பற்றித் தெரிந்தவர் பொத்தானையும், பேட்டரி தெரிந்தவர் பேட்டரியையும் பார்ப்பார்கள்.

"எதுலயும் சேராத மாதிரி இருக்கு. 'மிஸ்க்'ல போட்டுடலாமா?"

அந்த எண்ணம் வந்தாலே ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். எந்த வீட்டின் கேள்விக்கும் பதில் சொல்லாத சிப் மிகக் குறைவு, தேடாதவர்கள்தான் அதிகம்.

'ஸ்டேஜிங்' என்று இன்னொன்று, 2008இல் வந்தது. வேலை செய்கிறது, ஆனால் நிரல் தரம் போதவில்லை என்ற டிரைவர்களுக்கான திண்ணை. என்னென்ன மிச்சம் என்ற பட்டியலும் கூடவே இருக்கும். திருத்துகிறவர் இருந்தால் உள்ளே அழைப்பார்கள், இல்லையென்றால் அழித்துவிடுவார்கள். மாணவர்கள் பழகுவதற்கு நல்ல இடம். இருநூறு வரிச் சென்சார் டிரைவரை அங்கே வைக்க வேண்டியதில்லை, திருத்தி நேராக அனுப்பலாம்.

"என்கிட்டயே வெச்சுக்கிறேனே? எதுக்கு அவங்ககிட்ட குடுக்கணும்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் உறைபனி எச்சரிக்கைக் கருவி வைத்திருந்தேன், நானே எழுதிய டிரைவரோடு. ஒரு டிசம்பரில் கெர்னல் தானாகப் புதுப்பிக்கப்பட்டு, கருவி மறுதொடக்கம் ஆனது. பழைய பதிப்புக்காகக் கம்பைல் செய்த மாட்யூல் ஏறவில்லை. எச்சரிக்கை வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் பள்ளத்துப் பாத்தி முழுக்க வெள்ளை, ஒரு வாரத்தில் கொழுந்து கருகிவிட்டது. தோட்டக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கெர்னல் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுப்பதே இல்லை. வெளியே ஓடுகிற நிரல்களுக்குக் காட்டுகிற முகத்தை உடைக்க மாட்டார்கள். உள்ளே எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். அப்படி மாற்றுகிறவர் மூலநிரலுக்குள் இருக்கிற எல்லா டிரைவரையும் தானே திருத்த வேண்டும். உங்கள் கோப்பு உள்ளே இருந்தால் முகம் தெரியாத ஒருவர் திருத்திக் கொடுப்பார். வெளியே இருந்தால் நீங்கள்தான். டிகேஎம்எஸ் என்ற கருவி நிரலைப் போட்டால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் தானே மறுபடி கம்பைல் ஆகும் என்பார்கள். இடைமுகம் மாறாத வரை ஆகும்.

"பழைய ஃபைலை வேற ஃபோல்டருக்கு மாத்தணும்னா?"

ஒரு பேட்சில் இடமாற்றம் மட்டும், அடுத்ததில் திருத்தங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கிற கிட், இடமாற்றத்தைத் தனியாகக் குறித்து வைப்பதில்லை, உள்ளடக்கம் ஒத்திருப்பதைப் பார்த்து ஊகிக்கிறது. நகர்த்தும்போதே நிறையத் திருத்தினால் ஊகம் தவறி, ஆயிரம் வரி அழிந்து ஆயிரம் வரி புதிதாக வந்த மாதிரி காட்டும். என் முதல் பேட்சை அப்படித்தான் அனுப்பினேன். 'பிரித்து அனுப்பவும்' என்று ஒரு வரியில் பதில் வந்தது. தொடரில் எந்தப் பேட்சில் நிறுத்தினாலும் கெர்னல் கம்பைல் ஆக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், பிழை தேடுகிறவர்கள் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வந்து நிற்பார்கள்.

"சோர்ஸ்ல இடம் மாத்துனா, யூஸ் பண்றவங்களுக்கு ஏதாவது உடையுமா?"

கோப்பு நகர்ந்தால் உடையாது. மாட்யூலின் பெயர் கோப்புப் பெயரிலிருந்து வருகிறது, கோப்புறையிலிருந்து வருவதில்லை. ஆனால் கேகான்ஃபிக் தேர்வின் பெயரை மாற்றினால் சத்தமில்லாமல் உடையும். பழைய அமைப்புக் கோப்போடு புதிய கெர்னலைக் கம்பைல் செய்கிறவருக்கு அந்தத் தேர்வு காணாமல் போயிருக்கும், பிழைச் செய்தியும் வராது. 2011இல் ஈதர்நெட்டைக் கம்பெனி வாரியாகப் பிரித்தபோது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு புதிய தேர்வு முளைத்தது. அவை எல்லாவற்றையும் இயல்பிலேயே 'ஆம்' என்று வைத்தார்கள். இல்லையென்றால் ஒரே பதிப்பில் பாதிப் பேருக்கு நெட்வொர்க் போயிருக்கும்.

"எல்லா ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ்லயும் இதே கதையா?"

இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் பெரும்பாலான டிரைவர்கள் 'சிஸ்' கோப்புறைக்குள் 'டெவ்' என்ற இடத்தில், டிரைவருக்கு ஒரு கோப்புறை என்று வரிசையாக நிற்கின்றன. படகர் ஊர்களான ஹட்டிகளின் வீடுகள் மாதிரி ஒரே வரிசை. சின்னப் பலகைகளுக்கான செஃபிரில் கேகான்ஃபிக்கும் டிவைஸ் ட்ரீயும் உண்டு, ஆனால் சென்சார்கள் கம்பெனி வாரியாகப் பிரிந்திருக்கின்றன. எது உசத்தி என்று சனிக்கிழமை ஒரு மணிநேரம் சண்டை போட்டிருக்கிறோம். வருகிற சிப்புகளின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்கிற ஆட்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது என்பது என் கட்சி.

"உள்ள போயிட்டா அப்புறம் நிரந்தரமா?"

யாராவது பயன்படுத்தி, யாராவது பராமரிக்கிற வரை. பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்கான 'ஐடிஇ' கோப்புறை நெடுங்காலம் இருந்தது. அந்த வேலையை 'ஏடிஏ' எடுத்துக்கொண்ட பின்னும் பல ஆண்டு கூடவே கிடந்தது. 2021இல் முழுசாக எடுத்துவிட்டார்கள்.

"தப்பான ஃபோல்டர்ல போட்டு அனுப்பிட்டா திட்டுவாங்களாண்ணா?"

இடம் தவறினால் திட்ட மாட்டார்கள், அங்கே வை என்பார்கள். அதற்கு முன்னால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மூலநிரலின் மேல்மட்டத்தில் 'மெயின்டெய்னர்ஸ்' என்ற கோப்பு இருக்கிறது. எந்தக் கோப்புறைக்கு யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். 'கெட்_மெயின்டெய்னர்' என்ற ஸ்கிரிப்டிடம் உங்கள் பேட்சைக் கொடுத்தால் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். அதில் வருகிற பெயர் நீங்கள் எதிர்பார்த்த வீட்டுக்காரர் இல்லை என்றால், கோப்பைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். 'செக்பேட்ச்' ஸ்கிரிப்டையும் ஓட்டிவிடுங்கள். புதிய டிரைவர் என்றால் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள். அது கௌரவப் பட்டம் இல்லை, பிறகு வருகிற கேள்விகளுக்கெல்லாம் நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.